சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை நான் அழிக்கப் போவதில்லை.

நேற்று நம் பள்ளிக்கூடக் குரூப்பில் அந்த டாக்டர் பெண் பேசுகிற வீடியோவைப் போட்டதுதான் தாமதம், எத்தனை புலம்பல்! "இதெல்லாம் இங்க எதுக்குடி, பேரன் போனை நோண்டுவான்" என்று ஒருத்தி. "சாமி படம் போடுற குரூப்புல இது என்ன அசிங்கம்" என்று நம் பழைய வகுப்பு லீடர். அறுபதைத் தாண்டியும் அவளுக்கு லீடர் வேலை போகவில்லை. அந்தச் சின்னப் பெண் அப்படி என்ன சொல்லிவிட்டாள்? மாதவிலக்கு நின்று போன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் போய்க் காட்டுங்கள் என்றாள். ஒரு காபி ஆறுவதற்குள், சிரித்த முகமாக, நம் வீட்டுப் பெண் மாதிரி சொல்லி முடித்தாள். இதில் எங்கே வந்தது அசிங்கம்?

நான் அதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் நம்மில் ஒருத்தி என் காதோரம் வந்து, "நின்னது திரும்ப எட்டிப் பாக்குதுடி" என்று சொல்லிச் சிரித்தாள். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பாக்கலாம் பாக்கலாம், சூடா இருக்கும்" என்று பாயசத்துக்கு ஓடிவிட்டாள். யாரென்று சொல்ல மாட்டேன். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றவர்களும் படியுங்கள், கெட்டுப் போய்விட மாட்டீர்கள்.

நாம் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. நீங்களெல்லாம் மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைச் சோழவந்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அப்போது கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அவருடைய அக்காவை, என் அத்தையை, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தது. அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதனால் லீவு விட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள்.

கொடிக்காலுக்குள் போயிருக்கிறீர்களா நீங்கள்? வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். படலைத் திறந்து உள்ளே கால் வைத்தால் அப்படியே குளிரும். வரிசை வரிசையாக அகத்தி, அதில் ஏறிய கொடி, வரிசைக்கு நடுவில் வாய்க்கால் தண்ணீர். ஈர மண்ணும் பச்சை வெற்றிலையும் சேர்ந்து மூக்கில் காரமாக ஏறும். குளிக்காமல் உள்ளே போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண் படல் பக்கமே வரக் கூடாது. வந்தால் கொடி கருகிவிடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அத்தையும் நம்பினாள்.

அத்தைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே அவளுக்கு நின்று போயிருந்தது. அப்புறம் அவள் தினமும் கொடிக்காலே கதி என்று கிடந்தாள். வெற்றிலை கிள்ளுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வேறு பேச்சு ஓடியது. மாமாவின் அக்கா, அத்தைக்கு நாத்தனார், கணவரை இழந்து அந்த வீட்டோடு இருந்தாள். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். "நின்னும் போச்சு, இனி எங்கிட்டுப் பிள்ளை? வம்சம் இத்தோட முடியவா?" என்று சொல்லிச் சொல்லி, பேரையூர்ப் பக்கம் மாமாவுக்கு இன்னொரு பெண் பார்த்து வைத்திருந்தாள். ஏழை வீட்டுப் பெண், வயது இருபத்தி சொச்சம் என்று பேச்சு. மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயில் எப்போதும் வெற்றிலை. கேட்டால் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்வார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

நான் போய்ச் சேர்ந்த சில நாளில் ஒரு காலை. ஆட்கள் எல்லாரும் கொடிக்காலுக்குள் போய்விட்டார்கள். அத்தை படலுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வரலையா மதினி?" என்று வேலைக்கு வந்த ஒருத்தி கேட்டாள்.

"நான் எப்படி வார? தூரமுல்ல நான்" என்றாள் அத்தை. சாதாரணமாகச் சொல்லவில்லை. வரப்பில் போகிறவன் காதிலும் விழட்டும் என்று சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. சமைந்த பெண் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றாள் என் அத்தை.

அம்மனுக்கு அவள் நேர்ந்திருந்தாள். நின்றது திரும்ப வந்தால் அவளைப் பொறுத்தவரை அம்மன் கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். கொல்லையில் மாட்டுக் கொட்டத்துக்கு அந்தப் பக்கம் தூரமானவர்கள் இருக்க ஒரு கூரைச் சாய்ப்பு உண்டு. ஒரு கிழிந்த பாய், நெளிந்த அலுமினியத் தட்டு, ஒரு பித்தளைச் செம்பு. அத்தை அங்கே ராணி மாதிரி போய் உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் வயது வராததால் நான்தான் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுகிறவள். சோறு கொண்டு போய்க் கொடுப்பேன், தண்ணீர் ஊற்றுவேன். என் கன்னத்தைத் தொட முடியாததால் கண்ணாலேயே கொஞ்சுவாள்.

"பொறுத்துக்கடி. உனக்கு ஒரு முறைமாப்பிள்ளை பெத்துத் தாரேன். உன்னைவிடச் சின்னவனா இருந்தா என்ன, தூக்கி இடுப்புல வச்சுக்க."

"சீ, போங்கத்தை" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

இதில் எனக்கு ஆச்சரியம் பெரியம்மாதான். தலைகீழாக மாறிவிட்டாள். பேரையூர்ப் பேச்சு அப்படியே அமுங்கிப் போனது. சமைந்த பெண்ணுக்குச் செய்வது போல உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி போட்டு என் கையில் கொடுத்து அனுப்புவாள். "இடுப்புக்குப் பலம், முழுசாத் திங்கச் சொல்லு." அவள் கெட்டவளில்லை என்று இப்போது தெரிகிறது. இரண்டு பெண்களும் ஒரே நம்பிக்கையைக் கட்டிக்கொண்டு தப்பான பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அது ஒழுங்காக வரவில்லை. நான்கு நாள் வரும், நிற்கும், தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வருவாள். ஒரு வாரம் போகுமுன் திரும்பச் சாய்ப்புக்குப் போவாள். துணி அலசும்போது நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அதன் நிறமும் வாடையும் எனக்குப் பிடிக்கவில்லை. எதனால் என்று சொல்லத் தெரியாத வயது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். உதடு வெளுத்திருக்கும். "இடுப்பு விட்டுப் போகுதுடி" என்பாள். உடனே, "பிள்ளை தங்குற இடம் பக்குவமாகுது, வலிக்கத்தான் செய்யும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். நம் எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். ஓட்டை ஓட்டையாகப் போட்ட தோல் உறை, தோளில் மாட்டுகிற வார், திறந்தால் வீசுகிற அந்தத் தோல் வாசம். மாமா வீட்டில் அதைக் கூடத்துச் சுவர் மாடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காலையில் பக்திப் பாட்டுப் பாடுகிற பெட்டி அல்லவா! ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமமெல்லாம் அதற்கும் உண்டு. அதனால் தூரமானவர்கள் தொடவும் கூடாது, கிட்டே வரவும் கூடாது.

புதன்கிழமை மதியம் பெண்கள் நிகழ்ச்சி. அதில் ஒரு டாக்டரம்மா பேசுவார். மதுரையில் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். ரயிலேறித் திருச்சி போய்ப் பேசிப் பதிவு செய்துவிட்டு வருவாராம். மற்றவர்களெல்லாம் ரேடியோவில் 'உடல் உபாதை' என்று இழுக்கும்போது இவர், "தாயி, வெள்ளைப்படுதா? எந்த நிறத்துல படுதுன்னு பாரு" என்று நம் ஊர்ப் பேச்சில் நேராகக் கேட்பார். குரல் அத்தனை இதம். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். முற்றத்துப் பக்கம் ஆம்பிளைக் காலடி கேட்டால் பெரியம்மா பட்டென்று சத்தத்தைக் குறைப்பாள். "வெக்கங்கெட்டவ, ஊரு பூராக் கேக்குற பெட்டியில பேசுற பேச்சைப் பாரு" என்று திட்டிக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்பாள்.

ஒரு புதன்கிழமை. அத்தை சாய்ப்பில் இருந்தாள். நான் கூடத்தில் பல்லாங்குழி முத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பேசிக்கொண்டே வந்து சொன்னார்: "ஒரு வருசத்துக்கு மேல சுத்தமா நின்னு போயி, அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிலக்கு இல்ல தாயி. இளமை திரும்பிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல உக்காராதீங்க. உள்ள என்னமோ சரியில்லைன்னு உடம்பு கதவைத் தட்டுது. சின்ன விசயமாவும் இருக்கலாம், பெரிய விசயமாவும் இருக்கலாம். பயப்படச் சொல்லலை, வந்து காட்டச் சொல்றேன். வெக்கத்துல பாதி காதுல ஏறாதுன்னு எனக்குத் தெரியும். அடுத்த வாரமும் இதைத்தான் பேசுவேன்."

பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சட்டென்று எழுந்து ரேடியோவை அணைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறா. போங்கடி, போய் அவுகவுக சோலியப் பாருங்க."

எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்து, "இதை அவகிட்டப் போய் ஊதிறாத. புண்ணாப் போன மனசு இப்பத்தான் ஆறியிருக்கு" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. அவளும் பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பயந்தவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்பதுதான் அன்றைக்குப் புரியவில்லை.

நான் ஊதாமல் இருப்பேனா? சோற்றுத் தட்டோடு போய் அத்தையிடம் அப்படியே ஒப்பித்தேன். அத்தை முகம் மாறியது. அப்புறம் சிரித்தாள். "முளைச்சு மூணு இலை விடலை, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா. டாக்டரம்மா வேற யாரையாச்சும் சொல்லியிருப்பாக. நீ பாதியைக் கேட்டுட்டு வந்து உளறாத."

"இல்லத்தை, நின்னதுக்கு அப்புறம்னு சொன்னாக."

"எந்திரிச்சுப் போடி!"

அத்தை என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. போய்க் கொடிக்கால் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு அழுதேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை செத்துப் போவாளோ என்று நினைப்பேன். இதை யாரிடம் சொல்வது? மாமாவிடமா, பேரையூர்ப் பெண்ணைக் கட்டக் காத்திருக்கிற அந்த மனிதரிடமா? அப்படித்தான் அன்றைக்கு எனக்கு ஓடியது.

அடுத்த புதன்கிழமையும் அத்தை சாய்ப்பில்தான். ரேடியோ சாமி மாடத்தில். நடுவில் கூடம், அடுப்படி, முற்றம், மாட்டுக் கொட்டம். யாருக்காக அந்த அம்மாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாரோ, அவளுக்குத்தான் கேட்காது. பெரியம்மா வேறு அன்றைக்கு ரேடியோவே போடவில்லை. "பேட்டரி போச்சு" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். பேட்டரி போகவில்லை. காலையில்தான் அது முருகன் பாட்டுப் பாடியது.

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து நான் முக்காலியைப் போட்டு ஏறி, வாரைப் பிடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். சாய்ப்பு வாசலில் வைத்துத் திருகினேன். கரகரவென்று இரைந்து, அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"... போன வாரம் சொன்னதுதான். நின்னு போனது திரும்ப வந்தா, அது பிள்ளை வரத்துக்கு வழி இல்ல தாயி. உன் உசுருக்கு வந்த தாக்கல் கடுதாசி. அதைப் பிரிச்சுப் படிக்காம ஒளிச்சு வைக்காத."

அத்தை பாயில் சாய்ந்து கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். ரேடியோவைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பெட்டி தனக்கு மட்டுமே பேசுகிறது என்பது போல ஒரு பார்வை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல மாட்டாளா!

"அணைடி அதை" என்றாள்.

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். "அடி பாதகத்தி! சாமிகிட்ட இருந்ததைத் தீட்டுல கொண்டாந்து வச்சிருக்காளே!" முதுகில் விழுந்த அடியில் எனக்கு மூச்சே நின்றது. அத்தோடு விட்டாளா? தீட்டுக் கழிக்கிறேன் என்று ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ரேடியோவின் தலையில் ஊற்றினாள். கொர்ரென்று ஒரு சத்தம் போட்டு அது அடங்கிவிட்டது.

சாயங்காலம் மாமா வந்து, கொல்லை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தார்.

"யாரு வெளிய கொண்டு போனது?"

"நான்தான்" என்றேன்.

"எதுக்கு?"

"அத்தை கேக்கட்டும்னு."

எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். சாய்ப்பைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்த அன்று காலையில், "பிள்ளையக் கொண்டு போயி மதுரையில விட்டுட்டு வா. நீயே போ. அவசரமா வரணும்னு இல்ல" என்று அத்தையிடம் சொன்னார். என்னைத் துரத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த மனிதருக்கு அப்படித்தான் ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரிந்திருந்தது. இது புரிய எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வைகை மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, "அந்த ரேடியோக்காரம்மா ஆஸ்பத்திரி எங்கன இருக்குன்னு உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? இறங்கி, பூக்கட்டுகிற ஒருத்தியிடம் கேட்டோம். எழுந்து நின்று வழி காட்டினாள்.

ரேடியோக் குரலை வைத்து டாக்டரம்மாவை நான் ஒல்லியாக, சிவப்பாக, மல்லிகைப்பூ வைத்தவராக நினைத்து வைத்திருந்தேன். உள்ளே குள்ளமாக, குண்டாக, மூக்கில் வழிந்த கண்ணாடியோடு ஒருவர் நர்ஸைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அத்தை என் காதில், "இவுக இல்லடி. வா, போயிரலாம்" என்றாள். அதற்குள் அவர் திரும்பி, "யாரு? வந்து உக்காரு. என்ன செய்யுது?" என்றார். குரல் அதேதான். இதம் மட்டும் இல்லை.

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தார். வெகு நேரம் ஆனது போல இருந்தது எனக்கு. கை கழுவிக்கொண்டே வந்தார்.

"எப்ப இருந்து படுது?"

அத்தை சித்திரையில் இருந்து என்றாள்.

"இம்புட்டு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்த? ரேடியோவுல தொண்டை கிழியக் கத்துறேனே, உன் ஊருல ரேடியோ இல்லையா? இருந்தும் கேக்கலையா? எல்லாத்துக்கும் வெக்கம்!"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மடியில் விழுந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"அத்தை தூரமா இருந்துச்சு. தூரமா இருந்தா ரேடியோகிட்ட வரக் கூடாது. அது சாமி படத்துகிட்ட இருக்கு. மாட்டுக் கொட்டத்துக்கு அங்கிட்டு எப்படிக் கேக்கும்?"

டாக்டரம்மா எழுதப் போனவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுல மட்டுமா, எல்லா வீட்டுலயுமா?" என்று என்னையே கேட்டார், பெரிய மனுஷியைக் கேட்கிற மாதிரி.

"தெருவுல எல்லா வீட்டுலயும் ரேடியோ சாமிகிட்டத்தான் இருக்கு."

"அட கடவுளே" என்றார். "அப்ப இத்தனை வருசமா நான் யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்?"

அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். இப்போதுதான் அந்த ரேடியோ இதம் வந்தது. உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். தான் பயப்படுவது மாதிரி இருந்தால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும் என்றார்.

அத்தை நிமிர்ந்தாள். "அதை எடுத்துட்டா எனக்கு எப்படிம்மா பிள்ளை வரும்?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை வராதும்மா. வந்தது பிள்ளைக்கான ரத்தம் இல்ல. நீ இருக்கணும். நான் அதை மட்டுந்தான் பாக்க முடியும்."

அத்தை அங்கேயே ஓவென்று அழுதாள். அப்படியொரு அழுகையை நான் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

சதை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தபடி முடிவுக்குக் காத்திருந்தோம். அப்பா முதல் நாள், "அந்தம்மா ரேடியோவுல பயமுறுத்திக் காசு பாக்குது" என்று குதித்தார். முடிவு வந்த அன்று அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். புற்றுதான். ஆனால் பரவவில்லை, உடனே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் பெண்ணின் வயிற்றைத் திறக்கப் பெண் சொன்னால் போதாது.

ஆள் விட்டோம். மாமாவும் பெரியம்மாவும் காலை முதல் பஸ்ஸில் வந்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அழுதுகொண்டே வந்தாள். அழுகையோடு அழுகையாக, "அதையும் எடுத்துட்டா இவளுக்கு என்ன மிச்சம்? நாட்டு மருந்து குடுத்துப் பாப்போம், அம்மன் குடுத்ததை அறுத்து எறிய வேணாம்" என்றாள்.

அத்தை மாமாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கையெழுத்துப் போட வேணாம். என்னைக் கூட்டிட்டுப் போங்க. இருக்குற வரைக்கும் உங்க பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். எடுத்துட்டு வந்தா, பேரையூர்க்காரி சமைக்கிற வீட்டுல நான் எந்த மூலையில உக்கார?"

நர்ஸ் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கதவோரம் நின்றார். மாமா வாசலுக்குப் போனார். துப்புகிற சத்தம் கேட்டது. போயே விட்டார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வெற்றிலை இல்லாத வாயோடு அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, பேரையூருக்குச் சொல்லி விட்டுரு. எனக்கு எந்தப் பொண்ணும் வேணாம். பிள்ளையும் வேணாம்." அத்தையைப் பார்த்தார். "கொடிக்கால்ல உன் கை இல்லாம இந்த ஒரு மாசமா இலை எப்படி வந்திருக்கு தெரியுமா? எனக்கு அங்க தனியா நிக்க முடியலை. எங்கங்க போடணும், காட்டுங்க நர்ஸம்மா."

கையெழுத்துப் போட்டார்.

அத்தை அவரையே பார்த்தாள். "ஏய்யா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னய்யா? நான் ஏன்யா ரத்தத்தை வச்சுக் காத்துக் கிடக்கப் போறேன்?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. ஒரு வார்த்தை. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். என்னைத் திரும்பச் சோழவந்தானுக்குக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. ரேடியோ காய்ந்து, கொஞ்சம் கரகரப்போடு மறுபடியும் பாடத் தொடங்கியிருந்தது. மாடத்தில் அதே இடம்.

புதன்கிழமை வந்தது. பெரியம்மா யாரும் சொல்லாமல் தானே போய்த் திருகினாள். பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வழக்கமாகத் தொடங்குகிற மாதிரி தொடங்கவில்லை.

"கூடத்துல உக்காந்து கேக்குற தாய்மாரே, ஒரு உதவி செய்யணும். இப்ப உங்க வீட்டுல யாராச்சும் தூரமா உக்காந்திருக்காங்களா? கொல்லையில, கொட்டத்துல, பின்வாசல்ல? நான் பேசுறது அவுங்களுக்குத்தான். அவுங்களுக்குக் கேக்கலைன்னு ஒரு சின்னப் பொண்ணு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அவுங்க கிட்ட வரக் கூடாதுன்னா பரவாயில்ல. பெட்டியை அவுங்க பக்கம் திருப்பி வைங்க. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க. நான் காத்திருக்கேன்."

நிஜமாகவே காத்திருந்தார். ரேடியோவில் வெறும் இரைச்சல் ஓடியது. கூடத்தில் யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் அன்றைக்கு அவர்கள் கொல்லையில் இருந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு குட்டிச் சுவர்தான்.

பெரியம்மா எழுந்தாள். "வெக்கங்கெட்டவ" என்றாள், பழக்கத்தில். மாடத்தில் இருந்த ரேடியோவை எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, மாட்டுக் கொட்டத்தைத் தாண்டிப் போனாள். அந்தக் குட்டிச் சுவரின் மேல் வைத்தாள். திருகு எம்புட்டுத் தூரம் போகுமோ அம்புட்டுத் தூரம் திருகினாள். தெருவே கேட்டது. ஆம்பிளைகளும் கேட்டார்கள். யார் வீட்டுக் கூரையும் இடிந்து விழவில்லை.

ஆவணியில் அத்தை எழுந்து நடமாடினாள். அதற்குப் பிறகு எண்பதைத் தாண்டும் வரை அவள் ஒரு நாள்கூடக் கொடிக்கால் படலுக்கு வெளியே நிற்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தது வயதாகித்தான், அந்த நோயால் அல்ல.

இப்போது, மண்டபத்தில் என் காதில் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடியவளே, உனக்கு. நாளைக்குக் காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று. மருமகள் என்ன நினைப்பாள், பேரன் என்ன கேட்பான் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. கோயிலுக்குப் போகிறோம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். அதுவரைக்கும் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் கேள். காதில் மாட்டியிருக்கிறதைக் கழற்று. சத்தத்தைக் கூட்டி வை.

பேரன் கேட்டால் கேட்கட்டும்.